தலைகீழாகப் பிடித்த கண்ணாடி

அத்தியாயம் 14

ரிக்கெ தன் நாத்தனார் விபேகெயின் கோட்டுப் பைக்குள் கை விட்ட இடத்தில் போன வாரம் நிறுத்தியிருந்தோம். அவள் தேடியது சைக்கிள் கொட்டகைச் சாவி. கையில் வந்தது விபேகெக்கு வந்திருந்த ஆஸ்பத்திரிக் கடிதம்.

படித்தாளா, படிக்காமல் அப்படியே திரும்ப வைத்துவிட்டாளா? கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்த விபேகெக்கு அது மட்டும் தெரியவில்லை. போய்க் கேட்கவும் முடியாது. கேட்டால், "எந்தக் கடிதம் அண்ணி?" என்று அவள் திருப்பிக் கேட்பாள். அப்புறம் வாயைத் திறந்தாக வேண்டும்.

ராத்திரி பூராவும் பொட்டுத் தூக்கம் இல்லை.

வலது கண்ணின் விழித்திரை நடுவில் ஓட்டை விழுந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னது மார்ச் மாதம். ஆபரேஷன் செய்தால் மூடிக்கொள்ளும், தள்ளிப்போடத் தள்ளிப்போட நம்பிக்கை குறையும் என்றும் சேர்த்துச் சொன்னார். இரண்டு தடவை தேதி கொடுத்தார்கள். இரண்டு தடவையும் வேலை இருக்கிறது என்று போன் பண்ணித் தள்ளிவைத்த புண்ணியவதி நம் விபேகெ. இப்போது அக்டோபர். மூன்றாவது தடவையாகக் கொடுத்த தேதி நாளை, வியாழக்கிழமை காலை ஏழு மணி. அதன் பிறகு ஒரு வாரம் குப்புறப் படுத்தே கிடக்க வேண்டுமாம். தம்பியும் ரிக்கெயின் கணவனுமான தோர்கிலிடம் மதெய்ரா தீவுக்கு வெயில் காயப் போகிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறாள்.

எதற்கு இந்தப் பொய்? ஒரு கண் மங்கினால் சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். வேறு வேலையில் இருந்திருந்தால் சொல்லியிருப்பாள். அவள் வேலையே இரண்டு கண்ணாலும் பார்ப்பதுதான்.

முப்பரிமாண விளம்பரம் என்றால் திரையில் இரண்டு படங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக விழும். இடது கண்ணுக்கு ஒன்று, வலது கண்ணுக்கு ஒன்று. கண்ணாடியின் இடது சில்லு இடது படத்தை மட்டும் உள்ளே விடும், வலது சில்லு வலது படத்தை மட்டும். கண்ணாடியை மாட்டிக்கொண்டால் மூளை இரண்டையும் சேர்த்து ஆழம் காட்டும். எது எவ்வளவு வெளியே வரலாம், எது எவ்வளவு உள்ளே போகலாம், எந்த இடத்தில் ஜனங்களுக்குத் தலை வலிக்கும், இதையெல்லாம் பார்த்துச் சொல்ல ஓர்ஹுஸ் நகரத்திலேயே விபேகெயை விட்டால் ஆள் கிடையாது. அவள் பார்த்து, ஆழச் சீட்டில் கையெழுத்துப் போட்டால்தான் படம் தியேட்டருக்குப் போகும்.

"கம்ப்யூட்டர் எல்லார்கிட்டயும் இருக்கு. எங்க அக்கா கண்ணு எங்ககிட்ட மட்டும்தான் இருக்கு." வருகிற வாடிக்கையாளர் ஒவ்வொருவரிடமும் தோர்கில் இதைத்தான் சொல்வான். அதைக் கேட்டால் அவளுக்கு முன்பெல்லாம் பெருமையாக இருக்கும். இப்போது அவன் அதை ஆரம்பித்தாலே அறையை விட்டு நகர்ந்துவிடுகிறாள்.

ஏழு மாதமாக அவளுக்கு ஆழமே தெரியவில்லை. எல்லாம் சுவரில் ஒட்டிய காகிதமாகத் தெரிகிறது.

அப்படியானால் இத்தனை நாள் எப்படிச் சமாளித்தாள்? மூளை இருக்கிறதே! இரண்டு படத்துக்கும் நடுவே எத்தனை இடைவெளி என்று கம்ப்யூட்டரே அளந்து சொல்லிவிடும். எந்தப் படம் எந்தக் கண்ணுக்குப் போகிறது என்பதை மட்டும்தான் ஆள் பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்கு ஒரு வித்தை கண்டுபிடித்தாள். வலது கண்ணை மூடிக்கொண்டு, கண்ணாடியைக் கையில் பிடித்து இடது கண்ணால் பார்ப்பாள். இடது படம் தெரியும். அப்புறம் கண்ணாடியைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்தால் வலது பக்கத்துச் சில்லு இடது கண்ணுக்கு முன்னால் வந்துவிடும். அதே கண்ணால் வலது படமும் தெரியும். இரண்டிலும் எது எங்கே நகர்ந்திருக்கிறது என்று ஒப்பிட்டுக் கணக்குப் போட்டுவிடுவாள்.

ஒற்றைக் கண்ணால் ஏழு மாதம், மூன்று விளம்பரம். ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை.

புதன்கிழமை காலை ஒன்பது மணி. வெளியே துறைமுகத்தின் மேல் மழை. பழைய மீன் கிடங்கின் மாடியில்தான் அவர்கள் ஸ்டூடியோ. சின்னத் திரையிடும் அறையில் விபேகெ தனியாக உட்கார்ந்திருந்தாள்.

அதிமதுர மிட்டாய் விளம்பரம். நாற்பது நொடி, ஏழு காட்சி. துறைமுகப் பாலத்தில் ஒரு ஆள் மிட்டாய்ப் பொட்டலத்தைப் பிரிப்பான். கடற்காகம் ஒன்று பார்க்கும். மற்ற மிட்டாயைத் தொடாது, இதை மட்டும் லபக்கென்று கொத்திக்கொண்டு திரையை விட்டு வெளியே பறந்து வந்து ஜனங்களின் மூக்குக்கு முன்னால் சிறகை விரிக்கும். அந்தக் கடைசிக் காட்சி நான்கு நொடி. அந்த நான்கு நொடிக்குத்தான் இத்தனை மாத உழைப்பு. காகத்தின் ஒவ்வொரு இறகையும் கம்ப்யூட்டரில் உண்டாக்கி, ஒளியும் நிழலும் சேர்த்துக் கோத்தவள் ரிக்கெ.

மதியம் ஒரு மணிக்கு மிட்டாய்க் கம்பெனிக்காரர் பிரெபென் பார்க்க வருகிறார். ஐந்து மணிக்குப் படம் தியேட்டர்களுக்குப் போயாக வேண்டும்.

ஆறு காட்சி சரியாக இருந்தது. ஏழாவதை ஓடவிட்டு, கண்ணாடியை நேராகப் பிடித்து ஒரு தடவை பார்த்தாள். திருப்பிப் பிடித்தாள்.

கதவு திறந்தது. "அண்ணி, காபி," என்றபடி ரிக்கெ உள்ளே வந்தாள்.

விபேகெ கண்ணாடியைத் திருட்டுச் சாமான் போல மடியில் போட்டாள். மூடியிருந்த கண்ணைத் திறந்து திரையையே முறைத்தாள். "வெச்சிட்டுப் போ."

"கண்ணாடி போடாமயா பாக்கறீங்க?"

"கண்ணு உறுத்துச்சு. தொடைச்சேன்."

"ஓ."

அந்த "ஓ" நல்ல "ஓ"வா, கெட்ட "ஓ"வா? ரிக்கெ கதவைச் சாத்திக்கொண்டு போனதும் விபேகெ மடியில் கிடந்த கண்ணாடியை அவசரமாக எடுத்துப் பார்த்தாள். ஒரு தடவை, திருப்பி ஒரு தடவை. கணக்குப் போட்டாள். அட! இடது படமும் வலது படமும் இடம் மாறியிருக்கின்றனவே! நல்லவேளை பார்த்தோம் என்று பெருமூச்சு விட்டாள். ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ரிக்கெக்கு அனுப்பினாள்: "காட்சி ஏழு. கண் மாறியிருக்கிறது. மாற்றவும்."

அரை மணி நேரத்தில் சீட்டும் கையுமாக ரிக்கெ வந்து நின்றாள்.

"அண்ணி, ஏழாவதுல கண்ணு மாறியிருக்குன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா."

"எனக்குச் சரியாத்தான் தெரியுது. காக்கா நல்லா வெளிய வருது."

"உனக்கு வருதா?" விபேகெயின் குரல் தானாகவே உயர்ந்தது. "எத்தனை வருஷமா நீ ஆழம் பாக்கறே?"

"சண்டைக்கு வரலை. எதுக்கும் இன்னொரு தடவை பாத்துடலாமே. ரெண்டு பேரும் சேந்து உக்காந்து."

சேர்ந்து உட்கார்ந்து! பக்கத்தில் உட்கார்ந்தால் கண்ணாடியை மாட்டித்தான் ஆக வேண்டும். திருப்பிப் பிடிக்க முடியாது. 'எங்கே, காக்கா எவ்வளவு தூரம் வருதுன்னு கையை நீட்டிக் காட்டுங்க' என்று ரிக்கெ கேட்டால் கதை முடிந்தது. அவள் எதற்காக இப்படிக் கேட்கிறாள்? கடிதத்தைப் படித்துவிட்டுத்தானே கேட்கிறாள்?

"பதினோரு வருஷமா இந்த ஸ்டூடியோவுல ஆழத்தைப் பத்தி நான் சொன்னதுதான் பேச்சு. மாத்துன்னா மாத்து. இறகு ஒட்டறது உன் வேலை, பாக்கறது என் வேலை."

ரிக்கெயின் முகம் சுண்டிப் போயிற்று. சீட்டை மடித்து மேல்சட்டைப் பையில் செருகினாள்.

"சரி, மாத்திடறேன்," என்று சொல்லிவிட்டுப் போனாள். இத்தனை சீக்கிரம் அவள் பணிந்து விபேகெ பார்த்ததே இல்லை.

பதினொன்றரைக்குத் தோர்கில் வந்தான். கையில் பெரிய காகிதப் பை. புதன்கிழமை என்றால் பேக்கரியில் பட்டைப்பொடி போட்டு நத்தை மாதிரிச் சுருட்டிய ரொட்டி வாங்காமல் படியேற மாட்டான். நாற்பத்தொரு வயசுக்காரன், வாடிக்கையாளர் வரும் நாளில் மட்டும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஆகிவிடுவான்.

"அக்கா! நாளைக்கு இந்நேரம் நீ கடற்கரையில காலை நீட்டிக் கிடப்பே. எங்களை நெனைப்பியா?"

"நெனைக்க மாட்டேன்."

"நல்ல குடும்பம்டா சாமி. ரிக்கெ என்னடான்னா காலையிலேர்ந்து மூஞ்சியைத் தூக்கி வெச்சிட்டிருக்கா. நீ என்னடான்னா பேயறைஞ்ச மாதிரி இருக்கே. படம் நல்லா இருக்கா இல்லையா, அதைச் சொல்லு."

"நல்லா இருக்கு."

"நீ சொன்னா சரி. எனக்கு அது போதும்."

அவள் கையிலிருந்த ரொட்டியைக் கடிக்காமலே பைக்குள் திரும்பப் போட்டாள். தோர்கில் ஒரு இடத்தில் நிற்காமல் நடந்தான். மேஜையை ஒதுக்கினான், நாற்காலிகளைத் துடைத்தான், விருந்தாளிக்கு வைத்திருந்த கண்ணாடி ஒன்றை எடுத்துத் தலைகீழாக மூக்கில் மாட்டிக்கொண்டு, காது மேல் கம்பிகள் விறைத்து நிற்க, அக்காவின் முன்னால் வந்து குனிந்தான்.

"எப்படி இருக்கேன்? பிரெபெனை இப்படியே வரவேற்கட்டுமா?"

விபேகெ சிரிக்கவில்லை. அந்தக் கண்ணாடியையே பார்த்தாள்.

காலையில் மடியில் போட்ட கண்ணாடி. எடுத்தபோது அது எப்படி இருந்தது? நேராகவா, தலைகீழாகவா? ரிக்கெ உள்ளே வரும்போது திருப்பித்தானே பிடித்திருந்தோம்? அதை அப்படியே போட்டு அப்படியே எடுத்திருந்தால், முதலில் பார்த்தது வலது படம். அதை இடது என்று நினைத்துக் கணக்குப் போட்டிருந்தால்?

ஐயோ! காட்சி சரியாகத்தான் இருந்திருக்கிறது. நான்தான் கெடுத்துவிட்டேன்.

"என்ன அக்கா, வெளுத்துப் போயிட்டே?"

"ஒண்ணும் இல்லை. நான் படத்தை ஒரு தடவை பாத்துட்டு வந்துடறேன்."

"இப்பதானே நல்லா இருக்குன்னே?"

"எதுக்கும் ஒரு தடவை." அவள் எழுந்தேவிட்டாள். திரையிடும் அறை பத்து அடி தூரம். ஐந்து நிமிஷம் தனியாகக் கிடைத்தால் போதும்.

கிடைக்கவில்லை. படிக்கட்டில் தடதடவென்று சத்தம் கேட்டது. ஒரு மணிக்கு வர வேண்டிய பிரெபென், நனைந்த குடையும் தொந்தியுமாகப் பன்னிரண்டு இருபதுக்கே வந்து நின்றார். அறுபது வயசு, வாய் ஓயாத மனுஷர்.

"ரயில் நேரத்துக்கு வந்து தொலைச்சிடுச்சு, என்ன பண்றது! என்னம்மா விபேகெ, சௌக்கியமா? கை ஏன் ஐஸா இருக்கு? இந்தா, நம்ம சரக்கு. உப்புப் போட்டது." ஒரு பொட்டலத்தை அவள் கையில் திணித்தார். "உக்காந்து காபி குடிக்கிற ஆளு நான் இல்லை. காக்காவைக் காட்டுங்க முதல்ல."

"தாராளமா!" என்றான் தோர்கில். "அக்கா, வா."

எல்லோரும் திரையிடும் அறைக்குள் போனார்கள். வாசலிலேயே தயங்கி நின்ற விபேகெயின் அருகே ரிக்கெ வந்தாள். குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அண்ணி, படம் ஓடறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஏதாவது சொல்லணுமா?"

இதோ, கதவு திறந்திருக்கிறது. 'ஏழாவதைப் பழையபடி போட்டுடு' என்று ஒரு வார்த்தை போதும். ஏன் என்று ரிக்கெ கேட்க மாட்டாள் என்று கூடத் தோன்றியது. ஆனால் காலையில் அத்தனை வீராப்பாகப் பேசிவிட்டு இப்போது இவளிடமா? அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் இன்னும் நூறு வார்த்தை வந்துவிடுமே!

"ஒண்ணும் இல்லை," என்றாள் விபேகெ.

"சரி," என்று சொல்லிவிட்டு ரிக்கெ விளக்கை அணைக்கப் போனாள்.

படம் ஓடியது.

விபேகெ திரையைப் பார்க்கவில்லை. பார்த்து என்ன பயன்? கண்ணாடியை மாட்டிக்கொண்டு பிரெபெனின் முகத்தைத்தான் ஓரக்கண்ணால் பார்த்தாள். ஏழு மாதமாக அவள் படம் பார்ப்பது இப்படித்தான், அடுத்தவர் முகத்தில். பாலம் வந்தபோது அவர் சாய்ந்து உட்கார்ந்தார். மிட்டாய்ப் பொட்டலம் நீண்டபோது கையை நீட்டித் தொடப் போனார், சிரித்தார். காகம் கழுத்தைச் சாய்த்துப் பார்த்ததும் "அயோக்கியப் பயல்!" என்று தொடையில் தட்டினார்.

ஏழாவது காட்சி வந்தது.

பிரெபெனின் சிரிப்பு நின்றது. தலையைப் பின்னால் இழுத்தார். கண்ணைச் சுருக்கினார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துத் திரும்ப மாட்டினார். அதற்குள் படம் முடிந்துவிட்டது.

"இன்னொரு தடவை போடுங்க."

போட்டார்கள். இந்தத் தடவை ஏழாவது வந்ததும் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்குத்தான் வயசாயிடுச்சா? காக்கா பெருசாயிட்டே வருது, ஆனா வெளிய வரலையே. கடல்ல ஓட்டை போட்டு அதுக்குள்ள போகுது. பின்னாடி இருக்கற பாலம் மூஞ்சி மேல வந்து இடிக்குது. கண்ணைப் புடுங்கற மாதிரி இருக்குப்பா."

தோர்கில் ஏற்கெனவே எழுந்துவிட்டான். அவன் இந்தத் தொழிலில் ஊறியவன், இரண்டு கண்ணும் நன்றாக இருப்பவன். அவனுக்கு ஒரே பார்வை போதும்.

"இடது வலது மாறியிருக்கு," என்றான். முகத்தில் ஈயாடவில்லை. "ரிக்கெ! என்ன இது?"

ரிக்கெ விளக்கைப் போட்டாள்.

"உன்னைத்தான் கேக்கறேன். கோத்து அனுப்பறப்ப எது எந்தக் கண்ணுன்னு பாக்க மாட்டியா? நேத்து வந்த ஆளா நீ? எங்க அக்கா நல்லா இருக்குன்னு சொன்ன காட்சியைக் கடைசி நிமிஷத்துல தொட்டுக் கெடுத்திருக்கே, அதானே?"

ரிக்கெக்குக் கழுத்து வரைக்கும் சிவந்தது. மேல்சட்டைப் பையில் விபேகெ எழுதிய சீட்டின் ஓரம் நீட்டிக்கொண்டிருந்தது. எடுத்துக் காட்டினால் முடிந்தது. அவள் எடுக்கவில்லை. விபேகெயைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

ஏன் எடுக்கவில்லை? அந்தப் பார்வையை விபேகெயால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் கூடத் தேவலை.

"நான்தான் மாத்தச் சொன்னேன்," என்றாள்.

"நீ சும்மா இரு அக்கா. அவளுக்குப் பரிஞ்சு பேசாதே."

"பரிஞ்சு பேசலைடா. காலையில எழுதிக் குடுத்தேன். அவ வேண்டாம்னுதான் சொன்னா. நான்தான் கத்தி மாத்த வெச்சேன்."

தோர்கில் சிரித்தேவிட்டான். கோபத்தில் வருகிற சிரிப்பு. "நீயா? சரியா இருக்கற காட்சியை நீ மாத்தச் சொன்னியா? பிரெபென், கேட்டீங்களா! சுவத்துல முட்டிக்கலாம் போல இருக்கு. எங்க அக்காவுக்கு இது தெரியாமப் போகுமா? கண்ணைக் கட்டிவிட்டாக்கூடச் சொல்லுவா அவ. ரிக்கெ, தப்பு பண்ணினா பண்ணினேன்னு சொல்லு. இன்னொருத்தர் பழி ஏத்துக்கற வரைக்கும் வாயை மூடிட்டு நிக்கறியே, வெக்கமா இல்லை?"

நம்ப மாட்டேன் என்கிறானே! ஏழு மாதமாக எந்தப் பொய்யைக் காப்பாற்றினாளோ அது இப்போது அவள் சொல்லும் உண்மையைத் தள்ளிவிடுகிறது. பேசாமல் விட்டால் தப்பிக்கலாம். ரிக்கெ வாயைத் திறக்கவில்லை, தோர்கில் நம்பவில்லை, நாளை மறுநாள் எல்லாம் ஆறிப் போகும். விபேகெ ஒரு கணம் அதையும் நினைத்தாள், பொய் சொல்வானேன்.

ரிக்கெ தலை குனிந்து சட்டைக் கையால் மூக்கைத் துடைத்தாள்.

"தோர்கில், எனக்கு வலது கண்ணு தெரியலை," என்றாள் விபேகெ.

தோர்கில் சட்டென்று அவள் பக்கம் திரும்பினான்.

"என்ன சொன்னே?"

"மார்ச்லேர்ந்து. நடுவுல ஓட்டை விழுந்துடுச்சு. எனக்கு ஆழம் தெரியாது. இந்தப் படத்துல காக்கா வெளிய வருதா உள்ள போகுதான்னு இப்பக்கூட எனக்குத் தெரியாது. பிரெபென் மூஞ்சியைப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்."

பிரெபென் கையிலிருந்த கண்ணாடியை மெதுவாக மேஜை மேல் வைத்தார்.

"அம்மா விபேகெ, உன்னைக் கஷ்டப்படுத்த எனக்கு ஆசை இல்லை," என்றார். "ஆனா அஞ்சு மணிக்குப் படம் போகணும். நூறு தியேட்டர்ல பிள்ளை குட்டியோட ஜனங்க பாக்கப் போறாங்க. கண்ணு தெரிஞ்ச ஒருத்தர் பாத்துக் கையெழுத்துப் போடணும். அவ்வளவுதான் எனக்கு வேணும். நான் கீழ துறைமுகத்துல நிக்கறேன், பேசி முடிச்சுட்டுக் கூப்பிடுங்க."

குடையை மறந்துவிட்டு மழையில் இறங்கிப் போனார்.

விபேகெ ஆழச் சீட்டை எடுத்தாள். பேனாவையும் சேர்த்து ரிக்கெயிடம் நீட்டினாள்.

"பழைய காட்சி உன்கிட்ட இருக்கா?"

"இருக்கு. அழிக்கலை. பத்து நிமிஷத்துல போட்டுடலாம்."

"போட்டுட்டு நீயே கையெழுத்துப் போடு. நீ பாத்ததுதான் சரி. நான் காலையில பேசினது தப்பு. மன்னிச்சுக்கோ."

ரிக்கெ பேனாவை வாங்கவில்லை. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"நான் போட மாட்டேன் அண்ணி."

"ஏன்?"

"கடுதாசியைப் படிச்சேன். நேத்தே."

விபேகெ சீட்டையும் பேனாவையும் மேஜை மேல் வைத்துவிட்டாள்.

"தெரிஞ்சுதான் மாத்தினேன்," என்றாள் ரிக்கெ. கண்ணீர் கொட்டியது, ஆனால் நிறுத்தவில்லை. "சரியா இருக்கற காட்சியைக் கெடுக்கறோம்னு தெரிஞ்சே கெடுத்தேன். இறகு ஒட்டற வேலைன்னு சொன்னீங்க இல்ல? எனக்குப் பத்திக்கிட்டு வந்துது. நான் சொன்னா இவன் நம்ப மாட்டான், நீங்க சொன்னா வேதவாக்கு. திரையிலயே வெளிய வரட்டும், அப்பவாவது தெரியட்டும்னு நெனைச்சேன். கடைசியில மனசு கேக்காமதான் வாசல்ல வந்து கேட்டேன். நீங்க ஒண்ணும் இல்லைன்னுட்டீங்க. நானும் விளக்கை அணைச்சிட்டேன். நாலு மாசம் நான் செஞ்ச காக்கா அது. நானே அதைக் குழியில தள்ளினேன். நான் எந்த மூஞ்சியோட கையெழுத்துப் போடறது?"

தோர்கில் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். அக்காவைப் பார்ப்பான், மனைவியைப் பார்ப்பான். முதலில் யார் மேல் கோபப்படுவது என்று அவனுக்கே தெரியவில்லை.

"ஆக, வீட்டுல எல்லாருக்கும் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியாது." நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தான். "அப்ப மதெய்ரா?"

"மதெய்ராவும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. நாளைக்குக் காலையில ஆபரேஷன். ஏற்கெனவே ரெண்டு தடவை தள்ளிவெச்சுட்டேன்."

"எதுக்குத் தள்ளிவெச்சே?"

அவள் பிரெபென் விட்டுப்போன கண்ணாடியை எடுத்து மடித்து வைத்தாள்.

"கேக்கறேன் இல்ல? எதுக்கு?"

"முதல் தடவை உனக்கு அந்தக் கப்பல் விளம்பரம் வந்துது. ரெண்டாவது தடவை இந்தக் காக்கா. எல்லார்கிட்டயும் என் கண்ணைச் சொல்லித்தானேடா வேலை வாங்கறே! அந்தக் கண்ணு போயிடுச்சுன்னு உன்கிட்ட எப்படிச் சொல்றது?"

தோர்கில் எழுந்து வந்தான். சத்தம் போடப் போகிறான் என்றுதான் விபேகெ நினைத்தாள். சின்ன வயசிலிருந்தே ஆத்திரம் வந்தால் கதவை உடைப்பவன். ஆனால் அவன் முன்னால் வந்து நின்று, பட்டைப்பொடி வாசம் அடிக்கும் உள்ளங்கையால் அவளுடைய நல்ல கண்ணை, இடது கண்ணை, மெதுவாகப் பொத்தினான்.

"இப்ப என்னைப் பாரு. என்ன தெரியுது?"

விபேகெ பார்த்தாள். வலது கண்ணைத் தனியாகத் திறந்து யாரையும் நேருக்கு நேர் பார்க்க அவள் துணிந்து எத்தனையோ மாதம் ஆகிவிட்டது.

"உன் காது ரெண்டும் தெரியுது. தலைமுடி தெரியுது. சட்டைக் காலர் தெரியுது."

"மூஞ்சி?"

"மூஞ்சி இல்லைடா."

அவன் கை அவள் நெற்றியின் மேல் ஆட ஆரம்பித்தது. காது இருந்தது, காலர் இருந்தது, நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு கறை மட்டும் அசைந்தது. கோபமாக இருக்கிறானா, வெறுத்துவிட்டானா? எத்தனை உற்றுப் பார்த்தும் அவளுக்குத் தெரியவில்லை.

"தோர்கில்? அழறியாடா?"

அவன் கையை எடுக்கவில்லை.

மேஜை மேல் ஆழச் சீட்டு கையெழுத்தில்லாமல் கிடந்தது. ரிக்கெ அதைத் தாண்டி வந்து, நாத்தனாரின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆமா அண்ணி," என்றாள். "அழறான்."